முகத்துக்குரிய நிழல்

(ஹட்டன் நகரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் எழுத்தாளர்கள், தொழிற்சங்கவாதிகள், கல்விமான்கள். படம் பிடிப்பவனுக்கு இங்கே என்ன வேலை என்று உங்களில் சிலர் யோசிக்கலாம். என்னை அழைத்த நண்பர் தலைப்புக் கேட்டார். ‘மனித முகத்தில் ஒளியும் நிழலும்’ என்றேன். ‘நல்லது, அரசியல் இல்லாத தலைப்பு’ என்றார். அவருக்கு இன்று கொஞ்சம் ஏமாற்றம் காத்திருக்கிறது.

டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகும் பஸ்ஸில் நாம் எல்லோரும் ஏறியிருக்கிறோம். அங்கே புனித மரியாள் ஆலயத்தின் கல்லறை வளவில் ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஒளிப்பட வரலாற்றை எந்த நாட்டில் யார் எழுதினாலும் விட்டுவிட முடியாத பெயர் அது. 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர், 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். மறு வருடம் இறந்த கணவர் சார்ள்ஸ் ஹே கமரனும் அருகிலேயே இருக்கிறார். கோல்புறூக் - கமரன் சீர்திருத்தம் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அந்தக் கமரன்தான். கணவரைத் தெரிந்த அளவுக்கு மனைவியை நமக்குத் தெரியாது. அது நம் நஷ்டம்.

அந்த அம்மாள் கமராவைத் தொட்டதே 48 வயதில். 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்தார்கள். இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த வீட்டில் கண்ணாடி போட்ட கோழிக்கூட்டைக் காலி செய்து படப்பிடிப்பு அறையாக்கினார். அந்தக் காலத்துத் தொழிலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கண்ணாடித் தட்டில் கொலோடியன் பசையை ஊற்றிப் பரப்பி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் கமராவுக்குள் வைத்துப் படம் எடுத்து, உடனே கழுவ வேண்டும். தட்டு மந்தமானது, நிறைய வெளிச்சம் கேட்கும். அதனால் மற்ற ஸ்டூடியோக்காரர்கள் கூரையையே கண்ணாடியாக்கி, எல்லாப் பக்கமும் வெளிச்சம் விட்டு, நாற்காலியும் தூணும் திரைச்சீலையும் வைத்து, ஆளை உச்சி முதல் பாதம் வரை எடுத்தார்கள். கமரன் அம்மாள் நேர்மாறு. திரையை இழுத்து வெளிச்சத்தை அடைத்தார், ஒரு பக்கத்தை மட்டும் திறந்துவிட்டார், கமராவை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். வெளிச்சம் குறைந்ததால் நேரம் கூடியது. எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். கொஞ்சம் அசைவார், படம் கொஞ்சம் கலங்கும். அந்தக் கலங்கலைப் பார்த்து விமர்சகர்கள் சிரித்தார்கள். அவர் திருத்திக்கொள்ளவில்லை.

வானியலாளர் ஜோன் ஹேர்ஷலை அவர் 1867இல் எடுத்த படத்தை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். படம் அழியாமல் நிற்க உதவும் ஹைப்போவின் குணத்தைக் கண்டுபிடித்தவரே ஹேர்ஷல்தான். வீட்டுக்குப் போய், கிழவரைத் தலை முழுகச் சொல்லி, நரைமுடியை உலரவிட்டுக் கலைத்தார் அம்மாள். உடம்பைக் கறுப்புத் துணியால் போர்த்தினார். இப்போது வெளிச்சம் விழுந்து தங்க மூன்றே இடம்தான்: முடியின் ஓரம், நெற்றிச் சுருக்கம், ஈரமான அந்தக் கண்கள். மற்றதெல்லாம் இருட்டுக்குள் போய்விட்டது. உடுப்பு, பதவி, வீடு எதுவும் தெரியவில்லை. வயதும் யோசனையும் மட்டும் தெரிகின்றன. ஒரு படத்துக்கு உணர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்டால் நான் இந்தப் படத்தைக் காட்டுவேன். எதைக் காட்டுவது என்பதை எல்லோரும் யோசிக்கிறோம். எதை மறைப்பது என்று யோசிக்கத் தொடங்கும்போதுதான் படம் பேசத் தொடங்குகிறது.

1875இல் கமரன் தம்பதி இலங்கைக்கு வந்தார்கள். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள், மகன்மாரும் இங்கே. வரும்போது இரண்டு சவப்பெட்டிகளில் பீங்கானும் கண்ணாடியும் அடுக்கிக் கொண்டுவந்தார்கள் என்று அவருடைய சகோதரியின் பேத்தி, எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ஃப், எழுதியிருக்கிறார். அந்த நேரம் கோப்பியே சவப்பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. இலைத்துரு நோய் 1869இல் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே தேயிலை நட்டுவிட்டார்.

இலங்கையில் அவர் எடுத்தவற்றில் எஞ்சியவை 30க்கும் குறைவு. வெயில், ரசாயனத் தட்டுப்பாடு, சுத்தமான தண்ணீருக்குக் கஷ்டம். அதைவிட, வெளிச்சமே அவருக்குப் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன். 1877இல் மரியான் நோர்த் என்ற தாவர ஓவியர் கமரன்களின் களுத்துறை வீட்டுக்கு வந்தார். கமரன் அவருக்குக் கம்பளிப் போர்வை சுற்றி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, தென்னோலைக்குக் கீழே நிறுத்தினார். உச்சி வெயில். காற்றில் ஓலை ஆட ஆட வெயில் கண்ணில் குத்துகிறது. இந்த நிலையில் இயல்பாக இருக்கும்படி சொன்னாராம். பன்னிரண்டு தட்டுகள் வீணாகின என்று நோர்த் தம் நினைவுக் குறிப்புகளில் கேலியாக எழுதியிருக்கிறார். வைட் தீவில் திரையை இழுத்து வெளிச்சத்தை ஆண்ட கை, நம் கரையோர வெயிலிடம் தோற்றுவிட்டது.

நோர்த் இன்னொரு செய்தியும் சொல்கிறார். உள்ளூர் மனிதன் ஒருவனின் முதுகு கமரனுக்கு மிகவும் பிடித்துப்போனது. அந்த முதுகுக்காகவே அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் அடம்பிடித்தார். வீட்டில் தோட்டம் கிடையாது, அவனுக்குத் தோட்டவேலையும் தெரியாது. அந்த மனிதனின் பெயரை இருவருமே எழுதி வைக்கவில்லை. ஹேர்ஷல், டெனிசன், கார்லைல், டார்வின் என்று ஒவ்வொரு படத்துக்கும் பெயர் உண்டு. வீட்டு வேலைக்காரி மேரி ஹிலியருக்குக்கூடப் பெயர் இருக்கிறது. இலங்கைப் படங்களில் ‘இளம் பெண், இலங்கை’, ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்ற மாதிரியான தலைப்புகள்தான். அவருடைய கலையைக் கும்பிடுகிறவன் நான். இந்த இடத்தில் மட்டும் கும்பிட்ட கையை இறக்கிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு மலையகத் தமிழரான நம் ஆட்களை யார் படமெடுத்தார்கள்? இரண்டு பேர் எடுத்தார்கள். ஒருவர் வியாபாரி, மற்றவர் அரசாங்கம்.

வியாபாரி தபாலட்டைக்கும் தேயிலைப் பெட்டிக்கும் எடுத்தார். பச்சை மலை, கூடை, சிரிக்கும் பெண். நல்ல வெயில் நாள் பார்த்து, சூரியனை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு எடுப்பார்கள். வெயில் முழுசாக முகத்தில் அடிக்கும், கண் சுருங்கும், அந்தச் சுருக்கத்தைச் சிரிப்பு என்று விற்றுவிடலாம். அந்தப் படங்களில் முகத்துக்கும் தேயிலைச் செடிக்கும் ஒரே வெளிச்சம், ஒரே மரியாதை. இன்றைக்கும் சுற்றுலாக்காரர் கையிலிருக்கும் கமரா அதையே செய்கிறது. வான்கமரா வந்த பிறகு முகமே போய்விட்டது, புள்ளிகள்தான் மிச்சம்.

அரசாங்கம் எடுத்தது அடையாளத்துக்கு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. விண்ணப்பம், கடவுச்சீட்டு என்று எதற்கும் படம் வேண்டும். நம் தாத்தா பாட்டிமாரில் பலருக்கு வாழ்நாளில் இருந்த ஒரே படம் அதுதான். நேராகப் பார், சிரிக்காதே, அசையாதே. இரண்டு பக்கமும் சமமாக லைட். முகத்தில் நிழல் விழக்கூடாது என்பது உலகம் முழுக்கக் கடவுச்சீட்டுப் படத்தின் சட்டம். ஆளை அடையாளம் காண அது சரிதான். ஆளை அறிந்துகொள்ள அது உதவாது. செத்த வீட்டில் பெரிதாக்கி மாலை போடுவதற்கு வேறு படம் இல்லாமல் அதையே எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். விழித்துப் பார்க்கும் அந்த முகத்தைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் ‘பாட்டி ரொம்பக் கோபக்காரியா?’ என்று கேட்கிறார்கள்.

இதை மாற்ற வேண்டும் என்பதுதான் என் கட்சி. நம் மூத்தவர்களின் முகத்துக்கு ஒரு நிழல் பாக்கியிருக்கிறது. அதைக் கொடுக்கப் பெரிய கமரா தேவையில்லை. இனி கொஞ்சம் தொழில் பேசுகிறேன், இளையவர்கள் கவனிக்க.

ஹட்டனும் நுவரெலியாவும் வெளிச்சத்துக்கு விசேஷமான ஊர்கள். 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியா. வருடத்தில் பாதி நாள் மேகம் நம் முற்றத்தில் நடமாடுகிறது. மூடுபனி சூரியனை வேட்டித் துணி போட்டு வடிகட்டிய மாதிரி பரப்பிவிடும், கடினமான நிழல் விழாது. பலர் இதையே நல்ல வெளிச்சம் என்கிறார்கள். பாதிதான் உண்மை. மூடுபனியில் வெளிச்சம் வானம் முழுவதிலுமிருந்து கீழே இறங்குகிறது. வெட்ட வெளியில் ஒருவரை நிறுத்தினால் நெற்றியும் மூக்கும் வெளுத்து, கண்குழி இரண்டும் கறுத்து, கன்னம் தட்டையாகிவிடும். அவரை இஸ்தோப்புக்குள், அதாவது வீட்டு முன் தாழ்வாரத்துக்குள், இரண்டு எட்டு வரச் சொல்லுங்கள். தகரக் கூரை மேல் வெளிச்சத்தை வெட்டிவிடும். முற்றத்திலிருந்து பக்கவாட்டாக வருகிற வெளிச்சம் மட்டும் மிஞ்சும். கண்ணுக்குள் ஒரு சிறு வெளிச்சப் புள்ளி வந்து உட்காரும். அந்தப் புள்ளி இல்லாத கண் படத்தில் உயிரற்றுப்போகும்.

இன்னும் ஒரு எட்டு உள்ளே வந்தால் லய அறையான காம்பறாவின் வாசல். பாட்டியை வாசலுக்கு ஓரடி உள்ளே ஒரு முக்காலியில் உட்கார வையுங்கள். முதலில் முகம் முற்றத்தைப் பார்க்கட்டும். பிறகு மெதுவாக அறைக்குள் திரும்பச் சொல்லுங்கள், நீங்கள் தூரக் கன்னத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். மூக்கின் நிழல் நீண்டு கன்னத்து நிழலோடு போய்ச் சேரும் ஒரு கட்டம் வரும். அந்த நேரம் கண்ணுக்குக் கீழே ஒரு முக்கோண வெளிச்சம் தனித்து நிற்கும். ஓவியர் ரெம்ப்ராண்டின் பெயரால் ஸ்டூடியோக்காரர் சொல்லும் வெளிச்சம் அதுதான். இன்னும் கொஞ்சம் திரும்பினால் முக்கோணமும் அணைந்து முகம் இரண்டாகப் பிளந்துவிடும், பாதி பகல், பாதி இரவு. துக்கம் விசாரிக்கப் போன வீட்டு முகத்துக்கு அது பொருந்தும். சீட்டுப் பணம் சேர்க்கும் கலகலப்பான மாமிக்கு அது பொருந்தாது. எந்த முகத்துக்கு எவ்வளவு இருட்டு என்பதை அந்த ஆளோடு கொஞ்ச நேரம் பேசினால்தான் தெரியும். பேசாமல் எடுக்கிறவர் எல்லோருக்கும் ஒரே இருட்டைக் கொடுப்பார்.

வாசலுக்குக் கிட்ட இருந்தால் வெளிச்சம் மென்மையாக விழுந்து, கன்னத்திலிருந்து காதுக்குள் போவதற்குள் சட்டென்று குறையும். அறைக்குள் தள்ளிப் போகப் போக வாசல் சிறிதாகி, நிழலின் ஓரம் கூர்மையாகும், ஆனால் முகத்துக்கும் பின்சுவருக்கும் இடையே வித்தியாசம் குறைந்துவிடும். கதவைப் பாதி சாத்திப் பாருங்கள், முகமே மாறும். பல்பை அணையுங்கள். இருட்டுப் பக்கம் அதிகம் கறுத்தால் வெள்ளைப் பீங்கான் தட்டையோ மாவுச் சாக்கையோ மடியில் வைக்கச் சொன்னால் போதும், தாடையின் கீழ் கொஞ்சம் திறந்துகொடுக்கும். இரவில் அடுப்பு வெளிச்சத்தில் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் ஆளை அடுப்புக்கு நேர் மேலே குனியவிடாதீர்கள். கீழிருந்து வரும் வெளிச்சம் கூத்து மேடையின் அசுரனுக்குரியது. தள்ளி உட்கார்ந்து பக்கவாட்டில் வாங்கினால், ஒரு கன்னத்தில் நெருப்பின் செம்மஞ்சளும் மறு கன்னத்தில் வாசலின் நீலமும் விழும். அந்தி நேரத்தில் ஐந்தாறு நிமிடம்தான் இந்த இரண்டும் ஒத்துப்போகும்.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். லயக் காம்பறாவின் கரிபிடித்த சுவர் வெளிச்சத்தைக் குடித்துவிடுவதால், கமரன் அம்மாள் கறுப்புத் துணியால் செய்ததை அது தானாகவே செய்கிறது. அதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு கூசுகிறது. ஜன்னல் இல்லாத அறையில் வாழ்வது ஒளியமைப்பு ஆகாது, அது அநியாயம். கொழும்பிலிருந்து வந்து அந்த இருட்டை ‘அழகு’ என்று மெச்சிவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஜன்னல் உள்ள புது வீட்டில் இதைவிட நல்ல படம் எடுக்கலாம். ஜன்னலுக்குத் திரை போட்டு நிழலை நாமே தேர்ந்தெடுக்கலாம். தேர்வு என்பது அங்கேதான் இருக்கிறது.

அடுத்து நிறம். ஈரக் கொலோடியன் நீல வெளிச்சத்தை மட்டுமே நன்றாக உணரும், சிவப்பும் மஞ்சளும் அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. ஆகவே நம் தோல் அந்தத் தட்டில் உள்ளதைவிடக் கறுத்துப் பதிந்தது. வர்ணப் படச்சுருள் வந்தபோதும் வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை மாதிரியாக வைத்தே அச்சு நிறத்தைச் சரிபார்த்தார்கள். கறுத்த நிறங்கள் சரியாக விழவில்லை என்று மரச்சாமான் கம்பனிகளும் சொக்லேட் கம்பனிகளும் முறையிட்ட பிறகே கொடாக் அக்கறை காட்டியது என்பது ஒளிப்பட வரலாற்றின் வெட்கக்கேடு. ஸ்டூடியோக்களில் நமக்கு அள்ளி அப்பிய பவுடர் அந்தக் குறையை மூட வந்ததுதான். இன்று போன் அதே பவுடரைக் கேட்காமலே பூசுகிறது.

வெளிர்நிறத் தோலில் வடிவம் தெரிவது நிழலால். கறுத்த தோலில் வடிவம் தெரிவது மினுக்கத்தால். கன்ன எலும்பு, நெற்றி மேடு, மூக்குத்தி அருகே உள்ள வளைவு, இவற்றில் வாசல் அப்படியே பிரதிபலிக்கும். அதற்குச் சின்ன, காரமான லைட் உதவாது, அகலமான வெளிச்சம் வேண்டும், அதுவும் பக்கத்திலிருந்து. பவுடர் பூசினால் அந்த மினுக்கம் செத்துவிடும். போனில் எடுக்கிறவர்கள் ‘அழகுபடுத்தும்’ வசதியை நிறுத்துங்கள். திரையில் வெளிச்சமான கன்னத்தைத் தொட்டு, தோன்றும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். இருட்டான அறையைப் பார்த்துப் பயந்து போன் எல்லாவற்றையும் வெளுக்கப் பார்க்கும். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும் என்று நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் நமக்கு அந்நியமான கலை என்று யாரும் நினைக்க வேண்டாம். கொழும்பில் வழக்கறிஞராகவும் பியானோக் கலைஞராகவும் இருந்து 1944இல் மறைந்த லயனல் வென்ட், இந்த நாட்டு உடல்களைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்துக் காட்டியவர். நமக்கு இன்னும் நெருக்கமானவர் பாலு மகேந்திரா. மட்டக்களப்புக்காரர். சிறுவயதில் பாடசாலைச் சுற்றுலா போனபோது, டேவிட் லீன் ‘குவாய் நதிப் பாலம்’ எடுப்பதைப் பார்த்தாராம். லீன் ‘மழை’ என்று கத்தியதும் செயற்கை மழை கொட்டியது. அன்றே திரைத்துறை என்று முடிவு செய்ததாகப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அந்தப் பாலம் கட்டப்பட்ட கித்துல்கல, ஹட்டனிலிருந்து அவிசாவளைக்கு இறங்கும் நம் வீதியில்தான் இருக்கிறது. பிறகு அவர் ஊட்டிப் பக்கம் போய் ‘மூன்றாம் பிறை’ எடுத்து, அதன் ஒளிப்பதிவுக்கு 1982ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்றார். அங்கே இருக்கும் மலையும் பனியும் தேயிலையும் நம்முடையவை போலத்தான். பனியின் மங்கலை லைட் போட்டு விரட்டாமல் அதையே கதைக்குள் கொண்டுவந்தார். 1987இல் பி.சி.ஸ்ரீராம் ‘நாயகன்’ படத்தில் தலைக்கு மேலிருந்து வெளிச்சம் விழவிட்டுக் கண்களை இருட்டுக்குள் வைத்தார். கதாநாயகன் வேலு நாயக்கரின் மனதில் என்ன ஓடுகிறது என்று நாம் ஊகிக்க வேண்டியிருந்தது. மேல் வெளிச்சம் தவறு என்று சற்று முன் சொன்னேன். பாத்திரத்துக்குத் தேவை என்றால் அதே தவறு சரியாகிவிடும். விதியைத் தெரிந்தவர் மீறலாம்.

நேரமாகிவிட்டது, தலைவர் மணியைத் தொடுகிறார். ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்த மாதத்துக்குள் உங்கள் வீட்டிலோ பக்கத்துக் காம்பறாவிலோ இருக்கும் மிக மூத்தவரிடம் அனுமதி கேட்டு, அவர் விரும்பிய உடையில், வாசல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். போனிலேயே கிடக்கவிடாமல் அச்சிட்டு ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். இன்னொரு பிரதியின் பின்னால் அவருடைய முழுப் பெயர், தோட்டம், டிவிஷன், எடுத்த திகதி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை காலப்போக்கில் முன்பக்கத்துக்கு ஊறிவிடும். கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் நம் தொழிலாளர்களுக்கென்று ஒரு அரும்பொருளகம் இருக்கிறது. வீட்டார் சம்மதித்தால் அந்தப் பிரதியை அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.